பாய் இல்லாமல் படகு நகராது

வெள்ளி, காலை 9.40.

புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகும் பேருந்தில் ஏறி மரக்காணத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். முப்பத்தைந்து கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். பைக்குள் அடங்காத ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்திருந்தேன். நடத்துநர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரோட்டுல வெள்ளம் ஒண்ணும் இல்லீங்களே மேடம்" என்றார். படகு வாங்கப் போகிறேன் என்றேன். மீன் பிடிக்கவா என்று கேட்டார். இல்லை, பாய் கட்டி ஓட்டுகிற சின்னப் படகு என்றேன். வீட்டுக்காரர் ஓட்டுவாரா என்றார். நான் ஓட்டுவேன் என்றேன். மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அவர் முன்பக்கம் போய்விட்டார். அடுத்த மூன்று நாளும் பார்த்தவர் எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். வீட்டுக்காரர் குளியலறை வாளியைத் தாண்டிய ஆழத்தில் இறங்க மாட்டார் என்பதை நான் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

நான் முத்தியால்பேட்டையில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்த வேலை. நாற்பத்தொன்பதாவது வயதில் முதுகு பிடித்துக்கொண்டபோது மருத்துவர் நீச்சல் கற்றுக்கொள்ளச் சொன்னார். நீச்சலிலிருந்து கடற்கரையில் நடக்கும் பாய்மரப் படகு வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். காற்றைத் துணியில் பிடித்து நகர்வது என்றதும், துணி விஷயம்தானே என்று ஒரு மிதப்பு எனக்கு. உண்மையில் நன்றாகவே ஓட்டினேன்.

போன கார்த்திகையில் பயிற்சிப் படகு கவிழ்ந்தது. சின்னப் படகு கவிழத்தான் செய்யும். எழுந்து, நிமிர்த்தி, ஏறிப் போவதுதான் முறை. அன்று நான் விழுந்த இடம் பாய்க்கு அடியில். நனைந்த வெள்ளைத் துணி முகத்தோடு ஒட்டிக்கொண்டது. லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தள்ளி அந்தத் துணியிலேயே அழுத்தியது. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. பயிற்சியாளர் வந்து துணியைத் தூக்கினார். எட்டு விநாடிதான் ஆனது என்றார். இருக்கலாம், கடிகாரம் அவர் கையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் படகில் ஏறவில்லை. ஞாயிறுதோறும் கடற்கரைக்குப் போவேன், மற்றவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுப்பேன், வீட்டுக்கு வந்து காற்று சரியில்லை என்பேன்.

பொய் சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் எரிச்சல் வந்துவிட்டது. அதனால் ஒரு முடிவு எடுத்தேன். எனக்கென்று ஒரு படகு பார்ப்பது. வாங்குவதற்கு முன் அதை நானே கவிழ்த்து, பாய்க்கு அடியில் போய், யாரும் துணியைத் தூக்காமல் நானே வெளியே வருவது. வந்தால் படகு என்னுடையது. வராவிட்டால் லைஃப் ஜாக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிட்டுத் தையல் மெஷினோடு இருந்துவிடுவது. இதைக் கணவரிடம் சொன்னேன். நான் கூப்பிட்டால் போனை மட்டும் எடு என்றார்.

மரக்காணத்தில் ஒரு ஷாமியானா கடைக்காரரிடம் பன்னிரண்டடி ஃபைபர் படகு கிடக்கிறது என்று பயிற்சியாளர் எண் கொடுத்திருந்தார். நான் கூப்பிட்டபோது ஒரு பெண் எடுத்தார். படகு இருக்கிறது என்றார். பாய் இல்லாத படகை வாங்கி நான் என்ன செய்வது? அதனால் முக்கியமான கேள்வியை முதலிலேயே கேட்டேன்.

"பாயோடதானே?"

"ஆமாங்க, பாயோடதுதான்."

"நிச்சயமா?"

"பாய் இல்லாம போட்டு நகராதுங்க" என்றார் அந்த அம்மாள். பரவாயில்லையே, விஷயம் தெரிந்த இடமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து போனை வைத்தேன்.

காலை 11.05.

கோட்டக்குப்பம், காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்று பேருந்து மரக்காணம் வந்தது. கடை பேருந்து நிறுத்தத்துக்கு அடுத்த தெருவில். வாசலில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி, வெள்ளை லுங்கியோடு உட்கார்ந்திருந்தவர்தான் உரிமையாளர். பெயர் கரீம். அறுபத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து இந்தக் கடையைப் போட்டிருக்கிறார். மூடிப்போன ஒரு விடுதியின் சாமான்களை மொத்தமாக ஏலத்தில் எடுத்தபோது நாற்காலி, குடை, அண்டாக்களோடு படகும் வந்ததாம். தன் ஸ்கூட்டரில் என்னை உட்காரவைத்து வடக்கே மூன்று கிலோமீட்டர் கூட்டிப்போனார்.

அங்கே சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். மாசி வெயிலில் பாத்திகளில் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. பெண்கள் வரப்பில் கூடை சுமந்து போய்க் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விடியுமுன்னே வந்தவர்கள், உச்சி வெயிலுக்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள். குவித்த உப்பை நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் கல் வைத்திருந்தார்கள். அந்தத் தார்ப்பாய்களை வாடகைக்கு விடுவதும் கரீம்தான். அவற்றைப் போட்டுவைக்கும் கொட்டகைக்குள், இரண்டு பழைய டயர்கள் மேல் படகு குப்புறக் கிடந்தது.

நான் படகைச் சுற்றி வந்தேன். கொட்டகையின் மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"பாய் எங்கே?"

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "இங்கதானேம்மா நிக்கிறேன்" என்றார்.

அவரை ஊரே கரீம் பாய் என்றுதான் கூப்பிடுகிறது. போனை எடுத்தது அவர் மனைவி. படகு பாயுடையது, பாய் வராமல் படகு இடத்தைவிட்டு நகராது என்று அந்த அம்மாள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தப்பு முழுக்க என் காதில். ஆனாலும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த பேருந்து எப்போது என்று கேட்டேன். ஒன்றேகால் மணிக்கு என்றார். பன்னிரண்டே கால் ஆகிவிட்டது, ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டும், அதுவரை படகைப் பார்த்துக்கொண்டிருங்கள், பிடிக்காவிட்டால் இந்தச் சாலையிலேயே கை காட்டினால் பேருந்து நிற்கும் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

பகல் 12.20.

உரிமையாளர் பக்கத்தில் இல்லாமல் ஒரு படகைத் தனியே பார்க்கக் கிடைப்பது பெரிய கொடுப்பினை. படகு வாங்க நினைக்கிற எல்லாருக்கும் அதைச் சொல்வேன். விற்பவர் பேசிக்கொண்டே இருந்தால் படகு சொல்வது காதில் விழாது.

முதலில் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அடிப்பகுதி முழுக்கத் தட்டினேன். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே தண்ணீர் ஊறிய இடத்தில் சத்தம் அமுங்கும். இரண்டு இடத்தில் லேசாக அமுங்கியது, அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டேன். பிறகு ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். இந்த அளவுப் படகின் ஒரு முனையை என்னைப் போன்ற ஒருத்தி தூக்க முடியவேண்டும். முடியாவிட்டால் உள்ளே தண்ணீர் தங்கியிருக்கிறது, அல்லது அந்தப் படகு நமக்குப் பெரியது. இரண்டுக்குமே பதில் ஒன்றுதான், வாங்காதே. முனை தூக்க வந்தது. படகை டயர்கள் மேலேயே புரட்டி நிமிர்த்தி, பாய்மரம் நட்டுவைக்கும் குழியைப் பார்த்தேன். காற்றின் பாரமெல்லாம் அந்த இடத்தில்தான் இறங்கும், சிலந்தி வலை மாதிரி கீறல் இருந்தால் படகின் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். கீறல் இல்லை. வெளியே குழாயடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து அந்தக் குழியில் ஊற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். மட்டம் இறங்கவில்லை. சுக்கான் இருந்தது. நடுவில் செருகும் பலகையும் இருந்தது. அந்தப் பலகை இல்லாவிட்டால் படகு பக்கவாட்டில் வழுக்கும், அதைவிட முக்கியமாக, கவிழ்ந்தால் மிதித்து நிமிர்த்தப் பிடி இருக்காது.

படகு வாங்க வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்பது. என் வகுப்பில் ஒருவர் குடும்பத்தோடு போகலாமென்று பதினெட்டடிப் படகு வாங்கினார். அதைத் தண்ணீரில் இறக்கவே நாலு ஆள் வேண்டியிருந்தது. குடும்பம் இரண்டாம் வாரத்திலிருந்து வரவில்லை, படகு இப்போது அவர் வீட்டு மாமரத்தடியில் இருக்கிறது. கேட்கவேண்டிய கேள்வி வேறு. கவிழ்ந்தால் இதை நான் ஒருத்தியே நிமிர்த்த முடியுமா? முடியும் என்றால் மட்டும் மேலே பேசலாம்.

ஒன்றேகால் பேருந்து சாலையில் போகும் சத்தம் கேட்டது. நான் அப்போது படகுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். எழுந்து போகத் தோன்றவில்லை.

பிற்பகல் 2.10.

பாய் திரும்பி வந்தார். ஸ்கூட்டரின் பின்னால் தூக்குச்சட்டியோடு அவர் மனைவி ஜுபேதா. அந்தப் பக்கத்தில் எல்லாரும் கூப்பிடுவதுபோல நானும் பாயம்மா என்றேன். நெய்ச்சோறும் தால்ச்சாவும் கொண்டுவந்திருந்தார். போனில் நடந்ததைப் பாய் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்க அந்த முந்தானை போதவில்லை. ஒரு வாய் சோறு இறங்கியதும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

படகோடு வந்த பாய் என்னவாயிற்று என்று விசாரித்தேன். வெள்ளைத் துணி நல்ல கெட்டியாக இருந்ததால் கிழிந்த ஷாமியானாவில் ஒட்டுப் போட்டுவிட்டாராம். பாய்மரம்? அது மைக்செட் கட்டும் கம்பமாகி அனுமந்தையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தது. பாயை விரித்துப் பிடிக்கும் இரண்டு கம்பிகளையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்.

"பாயோட முப்பத்தெட்டாயிரம் சொல்லலாம்னு இருந்தேன். பாய் இல்லாததால முப்பது குடும்மா" என்றார். எந்தப் பாயோட என்று பாயம்மா கேட்டார். அன்று விலைப் பேச்சு அதற்குமேல் ஓடவில்லை.

கொட்டகை நிறையத் தார்ப்பாய். பந்தல் மூங்கில் வேண்டிய அளவு. ஷாமியானா தைக்கும் கனத்த மெஷின் கடையின் பின்கட்டில். தார்ப்பாயில் பித்தளை வளையம் பதிக்கும் கருவி. நான் ஒரு தையல்காரி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு பாய் இல்லை என்று திரும்பிப் போனால் முத்தியால்பேட்டையில் என் கடைப் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான். நாளைக்கு ஒரு பாய் தைத்துவிடுகிறேன் என்றேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். மெஷின் உங்களோடதும்மா என்றார்.

சனி, காலை 8.00.

இரவு பாயம்மா வீட்டு மாடி அறையில் தங்கிக்கொண்டேன். காலையில் முதல் வேலையாக அந்த ஒட்டுப்போட்ட ஷாமியானாவைத் தெருவில் விரிக்கச் சொன்னேன். மஞ்சளும் சிவப்புமான பட்டைகளுக்கு நடுவில் பழைய பாயின் ஒரு மூலை முழுசாக இருந்தது. அளவு நாடாவை வைத்தேன். பார்வைக்கு நேராகத் தெரிந்த ஓரம் நேரில்லை. நடுவில் நாலு விரல் வெளியே வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பாய் என்றால் தட்டையான முக்கோணம் என்று நினைப்பவர்கள் ஒரு தட்டைத் துணியைக் கட்டிப் பார்க்கலாம். படகு நகரும், ஆனால் காற்றை எதிர்த்து ஏறாது. பாய்க்கு வயிறு வேண்டும். ரவிக்கையில் டாட் என்று மடிப்புப் பிடித்துத் தைப்பது எதற்கு? தட்டைத் துணி உடம்பின் வளைவில் உட்கார்வதற்குத்தான். இங்கே உடம்புக்குப் பதில் காற்று. ஓரங்களை வளைத்து வெட்டி நேரான மூங்கிலில் கட்டினால் மிஞ்சும் துணி நடுவுக்குப் போய் வயிறாகிவிடும். இதைப் படகு வகுப்பில் இரண்டு வருஷமாக யாரும் எனக்கு இந்த வார்த்தையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரே நாளில் புரிந்திருக்கும்.

புதுசாக இருந்த நீலத் தார்ப்பாய் ஒன்றை எடுத்து மூன்று பட்டைகளாக வெட்டினேன். மூன்றையும் படுக்கைவாக்கில் இணைக்க இரண்டு நீளத் தையல். மடித்து மடித்து இரட்டைத் தையல் போட்டதில் தையல் மேட்டில் விரல் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் போகலாம். பதினெட்டாம் நம்பர் ஊசி, நைலான் நூல். பாயம்மா எதிரில் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்தார். அந்த முரட்டுத் துணியை ஒருத்தி தள்ளி ஒருத்தி இழுக்காமல் தைக்க முடியாது.

மாலை நாலு மணிக்குக் கீழ்த் தையலில் ஓரத்துக்கு இன்னும் ஒரு முழம் இருந்தபோது மின்சாரம் போயிற்று. ஊசி துணியில் சிக்கி நூல் அறுந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்து மறுபடி பிடித்தபோது அந்த இடத்தில் நூல் சுருண்டு அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. எனக்கு மனசே ஆறவில்லை. என் கையிலிருந்து இப்படி ஒரு முடிச்சோடு ஒரு துணி போனதில்லை. பிரித்துவிட்டு மறுபடி போடலாம் என்று கத்தரியை எடுத்தேன்.

"வளையம் பதிக்கணும், மூங்கில் கட்டணும். கடல்ல யாருங்க முடிச்சப் பார்க்கப் போறாங்க? உடுங்க" என்றார் பாயம்மா. மனசில்லாமல் விட்டேன்.

ஞாயிறு, காலை 7.30.

காதுகுத்திலிருந்து பாய்மரம் ராத்திரியே வந்துவிட்டது. அதையும் படகையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கழிமுகத்துக்குக் கொண்டுபோனோம். பறவைகளுக்கென்று ஒதுக்கிய பக்கம் போகக்கூடாது, அதனால் கடலையொட்டிய பக்கத்தில் இறக்கினோம். அனுமந்தையிலிருந்து சேகர் என்கிற மீனவர் தன் ஃபைபர் படகோடு வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். காவலுக்கு ஒரு படகு இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்பதால் பாய் ஏற்பாடு செய்திருந்தார்.

சேகர் நீலப் பாயைத் தடவிப் பார்த்தார். உப்பு மூடுற சீட்டா என்றார். பிறகு நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நல்லா மிதக்குற போட்ட யாராச்சும் கவுப்பாங்களா? எங்காளுங்க கேட்டா என்னை அடிப்பாங்க" என்றார். கவிழ்ப்பது நான்தான், நீங்கள் தொடவேண்டாம் என்றேன். தொட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கம்பால் குத்திப் பார்த்து, இரண்டு ஆள் ஆழமுள்ள இடத்தை அவரேதான் காட்டினார். ஆழமில்லாத இடத்தில் கவிழ்த்தால் மூங்கில் சேற்றில் குத்தி முறியும். இது எனக்குத் தோன்றியிருக்காது.

அவரோடு ஒரு உடன்பாடு செய்துகொண்டேன். நான் பாய்க்கு அடியில் போனதும், உள்ளிருந்து பாயை மூன்று தடவை தட்டினால் குதித்து வந்து தூக்க வேண்டும். தட்டவில்லையென்றால் இருபது எண்ணும்வரை வரக்கூடாது.

காலை 8.15.

மெல்லிய வாடைக் காற்று. மூன்று மாதத்துக்குப் பிறகு படகில் உட்கார்ந்தேன். பாய்க்கயிற்றை இழுத்தேன். நீலத் தார்ப்பாய் தடதடவென்று அடித்துவிட்டு நிறைந்தது. நாலு விரல் வளைவு நடுவில் வயிறாக வந்து உட்கார்ந்தது. படகு காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறியது. இரண்டு தடவை குறுக்கே போய்த் திரும்பினேன். கரையில் பாய் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை கவிழ்த்தபோது நான் பாய்க்கு வெளிப்பக்கம் விழுந்தேன். நீந்திப் போய் நடுப்பலகையைப் பிடித்து, மேலே ஏறி மிதித்தேன். பாய் ஒரு மூச்சு நேரம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்து பிறகு விட்டது, படகு நிமிர்ந்தது. நானே நிமிர்த்தினேன். படகு தேறிவிட்டது.

"அவ்ளோதானே யக்கா, ஆச்சு. ஏறுங்க, போலாம்" என்றார் சேகர்.

ஆகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரம் நான் சரி என்று சொல்லியிருந்தால் கரையில் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். படகையும் வாங்கியிருப்பேன். அடுத்த ஞாயிறு காற்று சரியில்லை என்று சொல்லியிருப்பேன். இன்னொரு தடவை என்றேன்.

இந்தத் தடவை பாய் சாயும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கயிற்றை இறுக்கி இழுத்துப் பின்னால் சாய்ந்தேன். படகு மெதுவாக என்மேல் வந்தது. மூச்சை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. தார்ப்பாய் தலைக்கு மேல் படிந்தது.

உள்ளே நீல வெளிச்சம். லைஃப் ஜாக்கெட் அதே வேலையைச் செய்தது, என்னைத் தூக்கித் துணியோடு அழுத்தியது. பழைய பயம் அப்படியே வந்தது, ஒரு இம்மி குறையவில்லை. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. பிறகு கை தானாக மேலே போனது, தட்டுவதற்கு. ஒரு தடவை தட்டியும்விட்டேன். இரண்டாவதற்குக் கையை வைத்த இடத்தில் விரலுக்கடியில் ஒரு மேடு.

என் தையல்.

இரண்டு தையலுமே ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போகிறது. எந்தத் தையலைப் பிடித்தாலும், திசை மாறாமல் போனால், ஏதோ ஒரு ஓரம் வந்தே தீரும். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்று ஞாபகம் வரவில்லை, இன்று விரலுக்கு ஞாபகம் இருந்தது. வலது பக்கமாகத் தடவிக்கொண்டே போனேன். ஒன்றும் வரவில்லை. தப்பான பக்கமோ, மூங்கில் பக்கம் போகிறோமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பிவிடலாமா என்று நினைத்த நேரத்தில் அவரைக்கொட்டை அளவு முடிச்சு விரலில் இடறியது.

அந்த இடத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு முழம். அளந்து தெரியும் எனக்கு. இன்னும் ஒரு முழம் போனேன், தலை வெயிலில் வந்தது.

சேகர் தன் படகின் விளிம்பில் குதிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். எத்தனை எண்ணினீர்கள் என்று நான் கேட்கவில்லை. எத்தனையாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். மூச்சு வாங்கி முடிந்ததும் நடுப்பலகையில் ஏறிப் படகை நிமிர்த்தினேன். பிறகு அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பக்கத்தில் வரவில்லை.

கரைக்கு வந்தபோது பாய் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாயம்மாதான். பாய் எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார் போல.

"ரெண்டு பாயும் நல்லா இருக்குது, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர்.

பிற்பகல் 3.00.

பணத்தைக் கொடுத்து முடித்ததும், அதே குட்டி யானையில் படகை ஏற்றினோம். கடல் வழியே ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று ஒரு ஆசை எழுந்தது. சேகர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், அலை எங்கே எப்படி எழும் என்று தெரியாத கரையில் தனியாக வேண்டாம் என்று. முதல்முதலாகப் படகு வாங்குகிறவர் வீட்டுக்கு அதைச் சாலையில்தான் கொண்டுபோக வேண்டும். இதில் மானம் பார்க்க ஒன்றுமில்லை. ஓட்டுநர் பக்கத்துப் பிரம்மதேசம் ஊர்க்காரர், வழி முழுக்கத் தங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சுருட்டிய பாயை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். மடிப்பிலிருந்து உப்பு உதிர்ந்துகொண்டே இருந்தது. அனுமந்தை தாண்டும்போது கணவர் போன் செய்தார். எடுத்தேன்.

காலாப்பட்டு நெருங்கும்போது, வெள்ளிக்கிழமை இதே சாலையில் போனவளை நினைத்துப் பார்த்தேன். படகு வாங்கப் போகிறேன் என்று நடத்துநரிடம் வீறாப்பாகச் சொன்னாளே தவிர, வேண்டாம் என்று திரும்பி வர அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சாக்கு தேவைப்பட்டது. பாய் இல்லை என்பது நல்ல சாக்கு. ஒன்றேகால் பேருந்தில் ஏறியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

திங்கள், காலை 10.00.

கடையைத் திறந்ததும் பாயை வெட்டுமேசையில் விரித்தேன். என்னோடு பதினைந்து வருஷமாகத் தைக்கும் மேரி ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கீழ்த் தையலில் அவள் விரல் நின்றது. எங்கள் கடையில் நூல் முடிச்சு விழுந்தால் பிரித்து மறுபடி தைப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதே நான்தான். அவள் ஊசிக்கத்தரியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அக்கா, இங்க முடிச்சு விழுந்திருக்குது. பிரிச்சிடட்டா?"

"அதைத் தொடாதே மேரி" என்றேன்.